இருபது நிமிடம் என்று எழுதியது நான்

அந்த லேபில் எனக்கு 'வால்வு' என்று பெயர். ஆக்சிஜன் வால்வைத் திறப்பதும் மூடுவதும் என் வேலை. பெயர் வைத்தது அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை. என்னைவிட நான்கு வயது மூத்த ஆராய்ச்சி மாணவி. ஊருக்கெல்லாம் பட்டப்பெயர் வைப்பாள், தனக்கு யாராவது வைத்தால் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

நாங்கள் செய்தது மீகடத்திச் சந்தி, அதாவது கடுங்குளிரில் தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் இரண்டு படலங்கள், நடுவே ஒரு மெல்லிய தடுப்பு. நகத்தளவு தகட்டின் மேல் நயோபியம் உலோகப் படலம், படிகம் குலையாமல் அடுக்கடுக்காக வளர வேண்டும். அதன் மேல் அலுமினியம். ஆக்சிஜனை உள்ளே விட்டால் அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் படியும். அதற்கு மேல் மறுபடி நயோபியம். தோல் மெலிந்தால் மின்சாரம் கண்டபடி கசியும். ரொம்பத் தடித்தால் சந்தி செத்துப்போகும். இருபது நிமிடம் என்பது எங்கள் கணக்கு.

எவ்வளவு நல்ல நாட்கள்! பம்பு நாள் முழுக்க உறுமும். அதற்கு மேல் கத்தி அக்கா பாடுவாள், சுருதி சேரவே சேராது. திரவ ஹீலியத்துக்குள் சந்தியை இறக்கியதும் மின்னோட்டத்தைக் கோடாக வரையும் ரெக்கார்டரின் பேனா காகிதத்தில் நகரத் தொடங்கும். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம். பெரும்பாலும் கோணல்மாணலாகத்தான் கோடு வரும். "குப்பை!" என்று சேர்ந்து சொல்லி, வயிறு வலிக்கச் சிரிப்போம். அப்படி ஒரு சிரிப்பு அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவே இல்லை.

ஒரு மதியம் வால்வைத் திறந்துவிட்டு, வராந்தா டெலிபோனில் பேசப் போனேன். எதிர்முனையில் பிற்பாடு என் வீட்டுக்காரர் ஆனவர். அன்றைக்கென்று பேச்சு தேனாய் இனித்தது, என்ன செய்ய! திரும்பி வந்து வால்வை மூடி, லாக் புக்கில் வழக்கம்போல 'இருபது நிமிடம்' என்று எழுதினேன். எப்படியும் குப்பைதானே என்று நினைத்தேன்.

மறுநாள் அக்கா அதை அளந்தாள். மின்னழுத்தம் பூஜ்யத்திலேயே நிற்க, மின்னோட்டம் மட்டும் நேராக ஏறியது, பிறகு மின்னழுத்தம் சட்டென்று தாவியது. கசிவே இல்லை. அவ்வளவு சுத்தமான கோட்டை நாங்கள் பார்த்ததே இல்லை. அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

இரண்டாம் முறை குளிர்வித்தபோது அந்தச் சந்தி விரிசல் விட்டது. இன்னொன்று செய்து காட்டச் சொன்னார்கள். ஏழு மாதம் செய்தோம். லாக் புக்கில் உள்ளபடி, கடிகாரத்தைப் பார்த்து இருபதாவது நிமிடத்தில் மூடினேன். ஒன்றுகூட உருப்படவில்லை. "அந்தக் கோடே பொய், அளக்கும்போது கம்பிய மாத்திக் குடுத்திருப்பேம்மா" என்றார் புரொபசர் அக்காவிடம். ஆய்வேடு திரும்பி வந்தது. பட்டம் வாங்காமலே போய் அக்கா ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் ஆனாள். எனக்கு வேலை போய்விடுமோ என்ற பயம். வாயைத் திறக்கவில்லை. கோழை, வேறென்ன.

முப்பது வருடம் போய்விட்டது. கல்யாணம், பிள்ளைகள், முட்டிவலி என்று போனில் எல்லாம் பேசுவோம், அந்தக் கோட்டைத் தவிர. போன வாரம் நான் ஓய்வு பெற்றேன். இனி பறிபோக வேலை இல்லை என்றதும்தான் எனக்குத் தைரியம் வந்தது என்பதைச் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. நேராக அவள் வீட்டுக்குப் போனேன்.

அக்கா சோபாவில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் உட்காரவில்லை.

"அக்கா, அன்னைக்கு அது இருபது நிமிஷம் இல்ல. போன்ல பேசிட்டு இருந்துட்டேன். லாக் புக்ல பொய் எழுதிட்டேன்."

மடித்த துண்டை மறுபடி விரித்தாள். அறைவாள் என்று நினைத்தேன். வாங்கிக்கொள்ளத்தான் வந்திருந்தேன்.

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரத்துக்கு மேலயே இருக்கும்."

"அவ்வளவு நேரம் அப்படி என்னடி பேசின?"

"ஞாபகம் இல்லக்கா."

அவள் துண்டை மடியில் போட்டாள். "அப்ப நான் கம்பிய மாத்திக் குடுக்கல."

"இல்லக்கா. நீ சரியாத்தான் அளந்த."

"பசங்க விடைத்தாள மூணு மூணு தடவ கூட்டிப் பார்ப்பேன்டி. இத்தனை வருஷமா. என் கண்ண நானே நம்பல."

மன்னிப்பு என்ற வார்த்தையை வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்திருந்தேன், அதைச் சொல்ல இடமே கிடைக்கவில்லை. அவள் சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"என்னங்க! அது நிஜம்தானாம்!"

பாத்திரச் சத்தம் நின்றது. அவள் வீட்டுக்காரர் ஈரக் கையோடு ஓடிவந்தார். எது என்று அவர் கேட்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

"அந்தக் கோடா?" என்றார் அவளிடம்.