வெறும் ஃபங்ஷன்

வெப்ப நிலையத்தின் மூன்றாம் பம்பு அறையில், மூட வேண்டிய வால்வு திறந்துகொண்டது. பீறிட்ட கொதிநீரில் ஃபிட்டர் தோலெகெனின் இரண்டு கைகளும் வெந்துபோயின. மறுநாள் காலை வால்வை இயக்கும் நிரலைத் திறந்து பார்த்த நிலையத்தின் நிரலாளர் ராவ்ஷானுக்குக் காதுமடல் சுட்டது.

வால்வுக்கு ஆணை எழுதி முடியும்வரை வேறெந்தக் குறுக்கீட்டையும் வாசலிலேயே நிறுத்திவைக்க, அதில் சிக்பிளாக் என்றொரு ஃபங்ஷன் இருந்தது. காலாவதியான சங்கதி; போன இலையுதிர்காலத்தில் வந்த புதிய கணினியில் அது கிடையாது. ஈடானதைப் போட்டுச் சோதிக்க அவள் ஒரு வாரம் கேட்டிருந்தாள். தலைமைப் பொறியாளர் தானியார் மதியத்துக்குள் முடித்துவிட்டார். அதே பெயரில், உள்ளே எதுவுமே செய்யாத ஒரு ஃபங்ஷன். நிரலைச் சரிபார்த்து மொழிமாற்றும் கம்பைலர் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டது. நேற்று மேலே கட்டுப்பாட்டு அறையில் யாரோ பொத்தானை அழுத்த, அந்தக் குறுக்கீடு நடுவில் புகுந்து ஆணையைக் கலைத்துப்போட்டது.

தானியார் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்றார்.

"சாயங்காலம் விசாரணைக் குழு வருது. அதுக்குள்ள என்னோடத அழிச்சிட்டு உன்னோடதப் போட்டுடு. பழைய சாஃப்ட்வேர், காலாவதியான ஃபங்ஷன். அப்படித்தான் சொல்லப்போறோம்."

"அந்த ஃபங்ஷன் இல்லைன்னா இல்லைன்னு சொல்லி கம்பைலர் நின்னிருக்கும் சார். இருக்கிற மாதிரி காட்டினது நீங்க."

"போடாம விட்டா இன்னொருத்தன் கை வேகும். அது உன் தலைலதான் விடியும்."

அந்த ஆள் சொன்னதில் உண்மை இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. திருத்தினால் தடயம் அழிந்து அவர் தப்பித்துவிடுவார். திருத்தாவிட்டால் ஆள் சாகலாம். சூட்டை நிறுத்தவும் வழியில்லை. வெளியே ஜனவரி, நகரமே இந்தக் குழாய்களை நம்பிக் கிடந்தது.

நிரலை நிறுத்தினாள். யாரும் அதைத் தொட முடியாதபடி கடவுச்சொல்லை மாற்றினாள். கோட்டைக்கூட எடுக்காமல் பம்பு அறைக்கு இறங்கினாள்.

"இனிமே வால்வைக் கையாலதான் திருப்பணும்," என்றாள், அங்கே வேலையிலிருந்த சவுலேயிடம்.

"கம்ப்யூட்டர்காரி கை இதுக்குத் தாங்குமாக்கா?"

"பிடிடி."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"குழு வந்து நிரலை இருக்கிறபடியே பாக்கிற வரைக்கும்."

சவுலே தன் கையுறைகளில் ஒன்றைக் கழற்றி அவளிடம் எறிந்தாள். வால்வின் சக்கரம் அசைய மறுத்தது. இருவரும் அதன்மேல் உடம்பைச் சாய்த்துத் தொங்கினார்கள். மேலே தொலைபேசி அடித்தது, ஓய்ந்தது, மறுபடி அடித்தது. குழாய் ஒருமுறை முனகியது. துரு உதிர, சக்கரம் ஒரு விரல்கடை நகர்ந்தது.