விரிசலுக்குள் தண்ணீர்

அணைச் சுவர் தாங்கும் என்று அவள் அறிக்கை கொடுத்திருந்தாள். அதை நம்பித் தண்ணீரை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். இப்போதுதான் கணினித் திரையில் தன் தப்பு அவள் கண்ணில் பட்டது.

கணக்கு இரண்டு கணினி நிரல்களாக ஓடியது. தண்ணீர் ஒன்று, சுவர் இன்னொன்று. ‘இவ்வளவு அழுத்துகிறேன்’ என்று தண்ணீர் சொல்ல வேண்டும், ‘இவ்வளவு விரிசல் விட்டேன்’ என்று சுவர் பதில் சொல்ல வேண்டும். இரண்டும் நூற்றுக்கணக்கான கணினிகளில் பரவிக்கிடந்தன. முகம் கொடுத்துப் பேசாத புருஷன் பெண்டாட்டிக்கு நடுவே தூது போகிறவள் படும் பாடுதான் அவள் உத்தியோகம்.

முன்பு நிரலைச் சோதித்தபோது சுவரின் பதிலுக்குக் காத்துக்காத்து அலுத்துப்போய், ‘விரிசலே இல்லை’ என்று தண்ணீருக்கு அவளே ஒரு பொய்ப் பதிலை எழுதிவைத்தாள். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். பிறகு எடுத்துவிட வேண்டும். பாவி, எடுக்கவில்லை! அந்தப் பொய்யோடுதான் அறிக்கை போனது.

பொய்யை நீக்கி மறுபடி ஓட்டினாள். சுவர் லேசாக விரிந்தது. தண்ணீர் உள்ளே புகுந்தது, இன்னும் விரிந்தது. அணையில் இப்போது தண்ணீர் நிற்கும் மட்டத்திலேயே திரையில் சுவர் பிளந்துபோனது.

மேலாளரிடம் ஓடினாள்.

“இன்னொரு தடவை ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லலாம்மா. அவசரப்பட்டா நம்ம பேரு கெட்டுடும்.”

பேராம் பேரு! அந்தச் சுவருக்கு அடியில், மதகு அறையில் அவள் தம்பி வேலை பார்க்கிறான். அங்கேயே நின்று அவனைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுடா, எடுடா என்று வாய்விட்டே சொன்னாள்.

“சொல்லுக்கா.”

“மதகைத் தொறந்து விட்டுட்டு மேட்டுக்கு ஓடுடா. எல்லாரையும் கூட்டிட்டுப் போ.”

“என்னக்கா ஒளர்ற? அடைச்சு வைக்கச் சொல்லித்தானே உத்தரவு?”

“செவுரு தாங்காதுடா!”

அவன் சிரித்தான். பின்னால் குழந்தைகள் கத்தி விளையாடும் சத்தம் கேட்டது.

“பிள்ளைங்க அங்க என்னடா பண்றாங்க?”

“செவுத்துக்குப் பயந்து எல்லாரும் மேட்டுக்குப் போயிருந்தோமில்ல, நேத்துதான் அணைக்குக் கீழ குவார்ட்டர்ஸுக்குத் திரும்பி வந்தோம். ஊர்க்காரங்கதான் வர மாட்டோம்னு அடம் பிடிச்சாங்க. எங்க அக்கா போட்ட கணக்கு, தப்பாதுன்னு நான்தான் வீடு வீடாப் போய்ச் சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்.”