வெண்ணிலாவுக்கு டீ நன்றாக அமைந்த நாட்கள்

செல்லிப்பட்டு மேட்டுத் தெருவில் நவீன்குமாரின் மனைவி வெண்ணிலாவுக்குச் சின்னதாக ஒரு சந்தோஷம் வந்தால், தெருவின் இரண்டு முனைவரைக்கும் செத்த எலி நாறும். பெரிய சந்தோஷங்களுக்கு அது கிடையாது. அவளுடைய கல்யாணத்தன்று நாறவில்லை. மாமியார் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவளுக்குப் போட்ட அன்றும் நாறவில்லை. புழுக்கமான மத்தியானத்தில் போன கரண்ட் திரும்பி வந்து ஃபேன் முதல் சுற்றுச் சுற்றும்போது, தலையிலிருந்து புல்லுக்கட்டை இறக்கிவிட்டுக் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பும்போது, எல்லோரும் சாப்பிட்டபின் குண்டானின் அடியில் ஒட்டிய சோற்றில் மீன் குழம்பைப் பிசைந்து வாயில் வைக்கும்போது, யாருக்கென்று தெரியாமல் நன்றி சொல்ல வேண்டும்போல அவளுக்குள் ஏதோ ஒன்று வந்து அமரும். அது அமர்ந்ததும் நாற்றம் எழும். கோடையில் கூடவே புளித்த கழுநீர் வாடையும் உண்டு.

கல்யாணமாகி ஐந்தாம் மாதம் முதல்முறை வந்தபோது, வீட்டில் எலி செத்துக் கிடக்கிறது என்றுதான் நினைத்தார்கள். மாமியார் பவுனம்மாள் பீரோவை நகர்த்தினாள், நெல் மூட்டைகளைத் தெருவுக்கு இழுத்துப்போட வைத்தாள். மூட்டை இழுத்துக் களைத்த வெண்ணிலா ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள், நாற்றம் இரட்டித்தது. கொம்யூன் பஞ்சாயத்திலிருந்து ஆள் வந்து பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போனார். செப்டிக் டேங்க்கைத் திறந்து பார்த்தவர்கள், மேலே அடிப்பதற்கு உள்ளே அடிப்பது தேவலை என்று மூடிவிட்டார்கள். புதுச்சேரியில் காட்டிய டாக்டர், ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். அவர் அறையில் ஏசி இருந்தது, வெண்ணிலா பஸ்ஸில் வழி முழுக்க நின்றுகொண்டே வந்தவள்.

காரணத்தைக் கண்டுபிடித்தது எதிரில் பெட்டிக்கடை வைத்திருக்கும் பாத்திமுத்து. தன் கடையில் ஊதுபத்தி எந்தெந்த நேரத்தில் விற்கிறது என்று கவனித்து வந்தவள், ஒருநாள் காலையில் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு எதிர்வாசலைப் பார்த்துக் கேட்டாள்.

“இன்னாடி வெண்ணிலா, இன்னிக்கு டீ நல்லா அமைஞ்சிடுச்சாட்டம் இருக்குது?”

“ஆமாக்கா, இஞ்சி தட்டிப் போட்டேன்.”

“நாளிக்கிப் போடாத. தெருவுல நாலு பேரு சோறு தின்னணும்.”

வெண்ணிலாவுக்கு அது முன்பே தெரியும். நாற்றம் அவளுக்கும் அடித்தது. ஆனாலும் டீ நன்றாகவே இருந்தது. இரண்டும் ஒரே மூக்கில் எப்படி இடம்பிடித்தன என்று அவளால் விளக்க முடிந்திருக்காது. யாரும் கேட்கவும் இல்லை.

அவள் உண்டானதும் பவுனம்மாள் தன் முடிவைச் சொன்னாள். “பச்சப்புள்ள இருக்கிற வூட்ல இந்த நாத்தம் ஆவாது. நீ நாறாம இருந்தா புள்ள உங்கிட்ட இருக்கும். இல்லன்னா புட்டிப்பாலு குடுத்து நானே வளத்துக்கிறேன், நீ உங்கம்மா வூட்டுக்குக் கெளம்பு.” நவீன்குமாருக்குத் திருவாண்டார்கோயில் பக்கத்தில் கம்பெனி வேலை. அவன் சட்டையில் ஒட்டிவரும் வாடைக்காக கேண்டீனில் எல்லோரும் தள்ளி உட்காரத் தொடங்கியிருந்தார்கள். அவன் கெட்டவன் இல்லை. “நல்லாருக்குதுன்னு தோணும்போதே டக்குனு எதுனா அசிங்கமா நெனச்சிக்க வெண்ணிலா,” என்று வழி சொல்லிக்கொடுத்தான்.

அவள் பழகினாள். டீ உதட்டருகே வரும்போது அதில் ஒரு ஈ கால் உதறி மிதப்பதாக நினைத்தாள். ஃபேன் சுற்றும்போது இறக்கையின் பிசுக்கும் மயிரும் உருண்டு வந்து வாயில் விழுவதாக நினைத்தாள். சோற்றைப் பிசைந்தால் விரலிடுக்கில் சீழ் வழிந்தது. முதலில் வாந்தி வந்தது, மசக்கை என்றார்கள். பிறகு அவள் நினைக்கவே வேண்டியிருக்கவில்லை, தானாக வந்தது. புருஷனின் காதுக்குள் பழுப்பாக இருந்த மெழுகு, மாமியார் மெல்லும்போது எழும் ஈரச் சத்தம், தன் குதிகால் வெடிப்பின் கறுப்பு, சங்கராபரணி ஆற்றில் வெயில் மின்னும் தண்ணீருக்கு அடியில் சளிபோல ஆடும் பாசி. உலகத்தின் தோலை உரித்து உள்பக்கத்தை வெளியே போட்டதுபோல் இருந்தது. அவளுடைய மேலுதடு ஒருபக்கமாகச் சுருண்டு அப்படியே நின்றுவிட்டது. தெரு நாறவில்லை. எல்லோருக்கும் திருப்தி. பாத்திமுத்துவின் கடையில் மட்டும் ஊதுபத்தி தேங்கியது.

மாசியில் பெண் குழந்தை பிறந்தது. வெண்ணிலா பால் கொடுக்கும்போதெல்லாம் பவுனம்மாள் வாசற்படியில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. குழந்தையின் கழுத்து மடிப்பில் திரிந்து கிடக்கும் பாலையும், இன்னும் உதிராத தொப்புள்கொடித் துண்டையும், தார்போல ஒட்டிய முதல் மலத்தையும் வெண்ணிலா நினைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் உண்மை என்பதால் நினைப்பது சுலபமாக இருந்தது. பால் கொடுத்து முடித்ததும் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

நாலாம் மாதம் குழந்தைக்கு முகம் தெரியத் தொடங்கியது. பாத்திமுத்து நாக்கைச் சொடுக்கினால் சிரித்தது. பவுனம்மாளைப் பார்த்தும் சிரித்தது. வெண்ணிலா குனிந்தபோது மட்டும் உற்றுப் பார்த்து, மேலுதட்டை ஒருபக்கமாகச் சுருட்டியது. அச்சாக அவளைப் போலவே. அன்று மாலை, மார்பில் வாய் வைப்பதற்கு முன்பும் அப்படியே செய்தது. அருவருப்பை ஒரு பிள்ளைக்குக் கொடுக்க ஒரு சொல்கூடச் செலவழிக்க வேண்டியதில்லை என்று வெண்ணிலாவுக்கு அப்போது தெரிந்தது.

மறுநாளிலிருந்து அவள் எதையும் அசிங்கமாக நினைப்பதில்லை என்று முடிவு செய்தாள். முடிவு செய்தால் வந்துவிடுகிற காரியமாக அது இல்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தாள். எச்சில் தெரிந்தது, பீளை தெரிந்தது, மூத்திரத் துணி தெரிந்தது. பல நாள் இப்படிப் போனபின் ஒரு பகலில் குழந்தை தும்மியது. தும்மிவிட்டு, யார் தும்மியது என்பதுபோல விழித்துச் சுற்றுமுற்றும் பார்த்தது. வெண்ணிலா சிரித்துவிட்டாள்.

அதுவரை தெரு கண்டிராத நாற்றம் அது. பவுனம்மாள் ஓடி வந்தாள். “மறுபடியுமாடி?”

“ஆமா அத்த. இனிமே தெனம் நாறும். மூக்கப் பொத்திக்குங்க. புள்ளய மட்டும் கேக்காதீங்க.”

பவுனம்மாள் கேட்கவில்லை, பறித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். குழந்தை தலையைத் திருப்பிப் பாட்டியைப் பார்த்தது, மேலுதட்டைச் சுருட்டியது. பவுனம்மாளை அதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அவள் குழந்தையைத் தாயின் மடியில் போட்டுவிட்டு, கொல்லைப்புறம் போய் வாந்தி எடுத்து, வாய் கொப்பளித்து, திரும்பி வந்து ஜன்னல்களைத் திறந்தாள்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. அந்த நாற்றத்துக்குப் பழகிவிட்டதாக இன்றுவரை யாரும் சொல்லவில்லை. குமட்டுகிறது, மூக்கைப் பொத்துகிறார்கள், அவ்வளவுதான். நவீன்குமார் கம்பெனியிலேயே ஒரு மாற்றுச் சட்டை வைத்திருக்கிறான். விருந்தாளிகள் முகம் சுளித்தால், வெண்ணிலாவுக்கு எதுவோ நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து பேசுகிறார்கள். குழந்தை இப்போது பால்வாடிக்குப் போகிறாள். மழை பெய்து சாக்கடை அடைத்துக்கொள்ளும் நாட்களில் மற்றப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்த, அவள் மட்டும் எழுந்து, “அம்மா வந்துட்டாங்க,” என்று வாசலுக்கு ஓடுவாள். உங்கம்மா இல்லை பாப்பா, அது வெறும் சாக்கடை என்பார் டீச்சர். அவள் கொஞ்சநேரம் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, ஏமாந்துபோய், வந்து தன் இடத்தில் உட்காருவாள்.