சௌதாவுக்கு மட்டும்

கிள்ளான், மலாயா
1929 அக்டோபர் 8, செவ்வாய்

நேற்றைய பக்கத்தில் ஒரு தவறு. ‘நோயாளியைப் பார்த்தது: அரை மணி’ என்று எழுதியிருக்கிறேன். உண்மையில் இருபது நிமிடம்தான். மீதிப் பத்து நிமிடமும் ஆஸ்பத்திரி வாசலில் நின்று இங்கிலீஷ் வினைச்சொற்களை மனப்பாடம் செய்தேன். திருத்திவிட்டேன்.

நேரம் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம், அதற்குக் கேள்வி உண்டு என்று ஜும்ஆவில் கேட்டதிலிருந்து நாட்களைக் கட்டம் போட்டு எழுதி வருகிறேன். துணிக்கடை வேலையும் மாலை வகுப்பும் போக, நன்மைக்கென்று தினம் அரை மணி. திங்கட்கிழமை நோயாளிகளுக்கு. கட்டங்கள் நிறைந்துகொண்டுதான் இருக்கின்றன. தொழுகை முடிந்து எல்லாரும் இரண்டு பேர், மூன்று பேராகப் பேசிக்கொண்டு போகும்போது நான் அடுத்த கட்டத்துக்கு நடக்கிறேன். இந்த ஊருக்கு வந்து பதினான்கு மாதமாகிறது. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் முதலாளியும் வகுப்பு ஆசிரியரும்தான்.

நேற்றுப் பார்த்தவர் அப்துல் ஜலீல், நாகூர்க்காரர். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம்; அண்ணன் முறைக்கு ‘நானா’ என்று கூப்பிட்டேன். துறைமுகத்தில் சுமை இறக்கும்போது சுண்ணாம்பு மூட்டை கிழிந்து இரண்டு கண்ணிலும் கொட்டிவிட்டது. பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மனைவி சௌதாவுக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ‘கண் போய்விட்டது. நான் ஊருக்கு வரட்டுமா, வேண்டாமா? நீயே சொல். உன் வாப்பாவைக் கேட்காதே.’ அவ்வளவுதான். சீக்கிரம் முடிந்ததில் எனக்குச் சந்தோஷம்கூட. வியாழக்கிழமைக் கப்பல் தபாலில் கடைக் கடிதங்களோடு போடலாம் என்று பாடப் புத்தகத்துக்குள் வைத்தேன்.

விட்டுப்போன பத்து நிமிடத்தைக் கொடுத்துவிடலாம் என்று இன்று வகுப்புக்கு முன் மறுபடி போனேன். பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்து கிடக்கும் ரயில்வே கூலி பழனியப்பன் என்னைப் பார்த்ததும், “ஜலீலு, ஒங்க மணிக்கூண்டு வந்திருச்சு லா! இன்னைக்கு எத்தன நிமிசம் தருமம்?” என்றார்.

“வர்றதே பெருசு. நீ சும்மா கெட” என்று ஜலீல் சிரித்தார். கட்டுப் போட்ட முகத்தை என் பக்கம் திருப்பி, “கடுதாசி போட்டாச்சா, தம்பி?” என்றார்.

“நாளன்னைக்குக் கப்பலுக்குப் போயிரும், நானா.”

“அதே கப்பல்லதான் எங்கூட மூட்டை தூக்குன பயலும் ஊருக்குப் போறான். எறங்குன ஒடனே ஊரெல்லாம் சொல்லுவான். அதுக்குள்ள அவ கைக்குப் போயிரணும். மாமனாரு கண்ணுல பட்டா அவரே முடிவு பண்ணிருவாரு.”

“வேற யாராச்சும் படிச்சுட்டா?”

“எதுக்கு அடுத்தவங்ககிட்ட குடுக்கப் போறா? சௌதா ஓதுன புள்ள. வலப்பக்கத்துலேருந்து வெரல வச்சுத் தானே படிச்சுக்குவா.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பெண்களில் பலருக்குத் தெரிந்தது அரபுத் தமிழ்தான். தமிழ்ப் பேச்சை அரபு எழுத்தில் எழுதுவது. ‘அவளுக்கு ஓதத்தான் தெரியும்’ என்று நேற்றே அவர் சொன்னார். நான் ‘சரி’ என்றேன். கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. கை பள்ளிக்கூடத் தமிழெழுத்தில் ஓடியது. இந்தக் கடிதம் போனால், படித்துச் சொல்லச் சொல்லி சௌதா அதைத் தன் வாப்பாவிடமே நீட்டுவாள். ‘உன் வாப்பாவைக் கேட்காதே’ என்பதையும் அவரே வாசிப்பார்.

எதையும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

அக்டோபர் 9, புதன்

கடையில் துணி சுற்றும் காகிதத்தில் அரபுத் தமிழில் மாற்றி எழுதிப் பார்த்தேன். மதரஸாவை விட்டு ஏழு வருடம். குர்ஆனில் உள்ள எழுத்துகள் வந்தன. தமிழ் ஓசைக்காகக் கூடுதல் புள்ளி வைக்கும் எழுத்துகள் வரவில்லை. முதலாளி ஜெய்னுலாபுதீன் எட்டிப் பார்த்து, “என்னடா நத்தரு, புள்ளி வச்சுக்கிட்டிருக்கே? கோலம் போடப் போறியா?” என்றார். தெருவில் பெண் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் ஆரிஃபா அம்மாவைக் கேட்கலாம். ஆனால் கடிதத்தைக் காட்ட வேண்டிவரும்.

வழக்கமாக வகுப்பு ஆறு மணிக்கு. இன்று பரீட்சை என்பதால் ஐந்துக்கே. ஆஸ்பத்திரியில் ஆட்களை விடுவதும் ஐந்திலிருந்து ஆறுவரைதான். பரீட்சையை விட்டால் அடுத்தது ஜனவரியில். வகுப்பு வாசல்வரை போய்த் திரும்பினேன்.

“நானா, கடுதாசியத் தமிழெழுத்துல எழுதிட்டேன்.”

அவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

“சொன்னேனே, தம்பி.”

“சொன்னீங்க. நான் கேக்கல.”

“நேத்தும் வந்து ஒக்காந்திருந்தியே?”

“பயந்துட்டேன்.”

“போடலையில்ல? சரி, எந்த எழுத்து தெரியல? கையக் குடு” என்றார். என் உள்ளங்கையை விரித்து ஒவ்வோர் எழுத்தாக விரலால் வரைந்தார். புள்ளி வரும் இடத்தில் நகத்தால் அழுத்தினார்.

“மெதுவாப் பேசுங்கப்பா, எனக்கும் ரகசியம் தெரிஞ்சிரப் போவுது” என்று பழனியப்பன் தலைவரை போர்வையை இழுத்துக்கொண்டார்.

ஜலீல் கடிதத்தை மறுபடி சொல்லத் தொடங்கினார். தெரியாத எழுத்து வரும்போதெல்லாம் நிறுத்தி, கையை நீட்டினேன். வரட்டுமா வேண்டாமா என்ற இடம் முடிந்ததும், பேனாவை நிறுத்திக் காத்திருந்தேன். பிறகு, “வரணும்னு ஆசையா இருக்குன்னு போடு” என்றார்.

“திங்கக்கெழம இதச் சொல்லலையே, நானா?”

“ஒம் பேனா ஓடிக்கிட்டே இருந்துச்சு, தம்பி.”

எழுதினேன். முழுவதும் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தினார். ஆறு மணி அடித்து எல்லாரையும் வெளியே அனுப்பினார்கள்.

வழியில் பரீட்சை எழுதியவர்கள் எதிரே வந்தார்கள். நான்காவது கேள்வியைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டு போனார்கள். நீ ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. பழைய கடிதத்தை அறையில் கொளுத்தினேன். இன்று நான் செய்தது நன்மையா, என் தவற்றைத் துடைத்ததா என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை மாதம் நிரப்பிய கட்டங்களில் எத்தனை பேர் சொல்ல வந்ததை விட்டுவிட்டார்களோ, அதுவும் தெரியவில்லை.

நாளை: கடை திறக்குமுன் சௌதாவின் கடிதத்தைத் தபாலாபீசில் என் கையாலேயே கொடுப்பது. பத்து மணிக்குக் கப்பல் தபால் பையைக் கட்டிவிடுவார்கள்.