யார் வயிற்றில் குடியேறின?

மாத்திரைக்குள் இருப்பது உயிருள்ள கிருமி என்று டாக்டரம்மா சொன்னபோது தையல்காரிக்குக் குமட்டிக்கொண்டுதான் வந்தது. ஆரோக்கியமானவர்கள் குடலில் வாழ்கிற நல்ல கிருமிகளாம். சர்க்கரைக்காரர்கள் வயிற்றில் அவை குறைந்துபோயிருக்குமாம். அவற்றைத் திரும்பக் குடியேற்றினால் சர்க்கரை இறங்குமா என்று பார்க்கிற ஆராய்ச்சி அது. அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். அவள் புருஷனுக்கும் அதே வியாதிதான். ஆனால் சிறுநீரகம் கொஞ்சம் அடிவாங்கியிருந்ததால் அவரை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அவர் பஸ் டிரைவர். அடுத்த உடல் பரிசோதனைக்குள் சர்க்கரை இறங்காவிட்டால் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார்கள். லீவு நாளிலேயே அந்த மனிதர் வீட்டுக்குள் குட்டி போட்ட பூனை மாதிரி அலைவார். அவளுக்கு மட்டும் என்ன வாழ்கிறதாம்? பாதம் மரத்துப்போய், மிஷின் பெடல் காலடியில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் மிதிக்கிறாள். இருந்தாலும் இந்த மாதிரி விஷயத்தில் பெண்டாட்டிகளின் புத்தி ஒரே பக்கம்தான் சாயும். மாத்திரை டப்பாவை அப்படியே அவரிடம் கொடுத்துவிட்டாள்.

"மனசு மாறிட்டாங்க. ரெண்டு பேருக்கும் குடுத்திருக்காங்க. என்னோடது தனியா இருக்கு."

அவர் நம்பிவிட்டார். நம்புவதற்கு வசதியான விஷயம் வேறு.

சிக்கல் அப்புறம்தான் வந்தது. சர்க்கரை பார்க்க ரத்தத்தை அங்கேயே அவள் கையில் எடுத்துக்கொண்டார்கள். கிருமி குடியேறிவிட்டதா என்று பார்க்க மலம் கொண்டுவரச் சொன்னார்கள். தன்னுடையதைக் கொடுத்தால் குட்டு உடைந்துவிடுமே! காலையில் அவரிடம் சின்ன டப்பா ஒன்றை நீட்டினாள்.

"ஊர்ல பொண்டாட்டிங்க புருஷன்கிட்ட நகை நட்டு கேப்பாங்க. நீ கேக்கறத வெளியில சொல்ல முடியுதா?"

"பேசாம வாங்கிட்டு உள்ள போங்க."

அவருக்குச் சர்க்கரை மளமளவென்று இறங்கியது. சோதித்துப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் வீடு முழுக்கத் தம்பட்டம்தான். அவளுக்கும் உச்சி குளிர்ந்துபோயிற்று.

ஒருநாள் டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினார். அவரும் கூடவே வந்தார். டாக்டரம்மா முகத்தில் ஈயாடவில்லை.

"கிருமி ஜம்முனு குடியேறியிருக்கும்மா. வேற யாருக்கும் இவ்வளவு நல்லா குடியேறல. ஆனா உங்க ரத்தத்துல சர்க்கரை ஏறிக்கிட்டே போகுது. உங்களுக்கே வேலை செய்யலன்னா இந்தக் கிருமியால பிரயோஜனமில்ல, நிறுத்திடலாம்னு பேசிக்கறாங்க."

மலம் அவருடையது, ரத்தம் அவளுடையது. இரண்டையும் ஒரே ஆளுடையது என்று நினைத்து ஒரு நல்ல மருந்தைக் குப்பையில் போடப் போகிறார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால், ஆராய்ச்சியை நிறுத்துகிற வரைக்குமாவது அவருக்கு மாத்திரை கிடைக்கும். திறந்தால் அதோடு சரி. வெளியே பெஞ்சில், காலில் சர்க்கரைப் புண்ணுக்குப் போட்ட கட்டோடு ஒரு பெண் தன் முறைக்காகக் காத்திருந்தாள். இத்தனை பேர் வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொண்டு ஒருத்தரைக் காப்பாற்ற முடியுமா?

"அது என்னோடது இல்லம்மா, இவரோடது," என்றாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

டாக்டரம்மா கோபத்தில் பைலைப் படாரென்று மூடினார். "சிறுநீரகம் கெட்டவருக்கு ஏதாவது ஆகியிருந்தா? மிச்ச மாத்திரையத் திருப்பிக் குடுத்துடுங்க. உங்க பேரை எடுத்துடுவேன்."

"அப்ப இவருக்கு இறங்கினது?"

"கிருமியாலயா, வேற எதாலயான்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது. ஒழுங்கா செஞ்சிருந்தா சொல்லியிருக்கலாம்."

டிரைவர் அவள் பக்கம் திரும்பினார். மாத்திரை போச்சே என்று தன்மேல் எரிந்துவிழப் போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள்.

"நீ ஒண்ணுகூட முழுங்கலையா?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"உனக்கு இப்ப எவ்வளவு இருக்கு?"

தன் சர்க்கரையை ஊருக்கே சொன்ன மனிதர், அவளுடையதைக் கேட்பது இதுதான் முதல் தடவை. சொல்லத்தான் வாயெடுத்தாள். அழுகைதான் வந்தது.