மவுஸ் ஆட்டும் வேலை

ரங்கநாதன் தெருவில் நிற்கத் தெரியாதவளுக்கு வேலை கிடையாது. ஸ்வர்ணலதா, கருணாகரன் அண்ணாச்சியின் ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் வருஷக்கணக்காக நிற்கிறாள். காலையில் சாமிக்குக் கற்பூரம் காட்டியதிலிருந்து ராத்திரி ஷட்டர் இறக்கும்வரை நின்று நின்று, முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் பச்சையாகப் புடைத்துவிட்டது. கடை ஆட்களுக்கு உட்கார உரிமை உண்டு என்று சட்டமே வந்தாயிற்று, வந்து என்ன? அண்ணாச்சியும் பிளாஸ்டிக் ஸ்டூல்கள் வாங்கிப் போட்டார். அவற்றின் மேல் புடவைப் பெட்டிகள் ஜோராக உட்கார்ந்திருந்தன.

ஆடித் தள்ளுபடிக்காக வாசலில் ஒரு பெரிய டிவி வந்தது. பட்டுப்புடவைப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறிக்கொண்டே இருக்கும். அதை ஓட்டுவது டிவிக்குப் பின்னால் ஒட்டியிருந்த, சீட்டுக்கட்டு அளவே ஆன ஒரு குட்டி கம்ப்யூட்டர். எல்லாம் சரி, பத்து நிமிஷம் யாரும் தொடாவிட்டால் திரை கறுத்துப் போகும். பக்கத்து மேசையில் இருக்கும் மவுஸை ஆட்டினால்தான் மறுபடி உயிர் வரும். மாட்டிவிட்டுப் போன மகராசன் போனையே எடுக்கவில்லை.

அண்ணாச்சிக்கோ வாசலில் ஒரு பல்பு ஃபியூஸ் ஆனாலே முகம் தொங்கிப்போகும். வாசல் இருண்டால் லட்சுமி அப்படியே பக்கத்துக் கடைக்குப் போய்விடுவாள் என்று நம்புகிறவர். ஒருநாள், விளக்கேற்றுகிற நேரமாகப் பார்த்துத் திரை கறுத்ததும் கொதித்துவிட்டார்.

"வாசல் இருண்டு கெடந்தா எவன் உள்ள வருவான்? ஏ லதா, ஒரு ஸ்டூலப் போட்டு அந்த மேசைகிட்ட உக்காரு. கறுக்குறதுக்கு முன்னால மவுஸ ஆட்டிக்கிட்டே இரு."

உக்காரு! கடை ஆள் ஒருத்தியைப் பார்த்து அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்தபோது கால் கடுக்கவில்லை. தைலம் தேய்க்காமல் தூங்கப்போகிறோம் என்று நினைத்ததும் ஸ்வர்ணலதாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

பட்டுப் பிரிவில் இன்னொருத்தி மேகலா. பாலவாக்கத்துக் குப்பத்திலிருந்து பஸ் மாறி வருகிறவள். கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து முழுசாகத் தேறுவதற்குள் வேலைக்குத் திரும்பியிருந்தாள்.

"இன்னாக்கா, சாப்பாட்டுக்கு அப்பால நான் உக்காந்துக்கினு ஆட்றேன். யாரு ஆட்னா இன்னா அண்ணாச்சிக்கு? பாதி உனுக்கு, பாதி எனுக்கு."

"அதெல்லாம் பழகணும்டி. நீ அசந்து, அது கறுத்துப் போச்சுன்னா அவரு என்னைத்தான் கேப்பாரு."

மவுஸ் ஆட்டப் பழக்கமாம், மண்ணாங்கட்டி! அது அவளுக்கே தெரியும். ஆனால் ஒருமுறை எழுந்துவிட்டால் திரும்ப உட்காரக் கிடைக்காதோ என்று பயம். மேகலா மறுநாளும் கேட்டாள். அதற்கடுத்த நாளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்று கேட்டாள். ஸ்வர்ணலதாவுக்கு எரிச்சல் மண்டிவிட்டது.

"முடியலைன்னா லீவு போட்டுட்டு வீட்டுல கெட. என் உயிரை ஏன் வாங்கற?"

லீவு போட்டால் சம்பளம் கிடையாது. ரெண்டு பேருக்கும் தெரியும். மேகலா திரும்பிப் போய்க் கவுன்டருக்குப் பின்னால் நின்றாள்.

மறுநாள் காலை அவள் நேராகக் கல்லாவுக்குப் போனாள்.

"அண்ணாச்சி, எங்க அண்ணன் அஜித்குமார் அடையாறுல கம்ப்யூட்டர் கடை வச்சிக்கீறான். செட்டிங்ல ஒண்ணே ஒண்ண மாத்துனா அது கறுக்கவே கறுக்காதாம். ஆள வச்சி ஆட்ட வேணாமாம்."

மத்தியானமே அஜித்குமார் வந்தான். ஒரு கீபோர்டைச் செருகி, செட்டிங்கைத் திறந்து, இத்தனை நேரம் சும்மா இருந்தால் திரையை அணைத்துவிடு என்றிருந்ததை எடுத்துவிட்டான். ஒருமுறை நிறுத்திப் போட்டான். வாங்கிவைத்த டீ ஆறக்கூட இல்லை, வேலை முடிந்தது.

"மவுஸ யாரும் தொடாதீங்க" என்றான் அஜித்குமார். பத்து நிமிஷத்துக்கு மேல் எல்லாரும் திரையையே பார்த்து நின்றார்கள். கறுத்துப் போ, கறுத்துப் போ என்று வடபழனி முருகனை வேண்டிக்கொண்டாள் ஸ்வர்ணலதா. பச்சைப் புடவை போய் மாம்பழ நிறம் வந்தது. அது போய் அரக்கு வந்தது. பாழாய்ப்போன திரை கறுக்கவே இல்லை.

அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல். "அப்புறம் என்ன லதா, இனி இங்க உனக்கு என்ன சோலி? செக்‌ஷனுக்குப் போ" என்று ஸ்டூலைத் தன் கையாலேயே எடுத்துக்கொண்டு போனார்.

ரெண்டு பேரும் பழையபடி கவுன்டருக்குப் பின்னால் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். சாயங்காலத்துக்குள் ஸ்வர்ணலதாவின் கெண்டைக்கால் கல்லாக இறுகிவிட்டது.

"வயித்தெரிச்சல் புடிச்சவளே, இப்ப உனக்கு என்னடி கெடச்சுது?"

"ஒண்ணியும் கெடைக்கல" என்றாள் மேகலா. கலைந்த புடவையை மடித்த கை நிற்கவில்லை. "பாதி குட்த்திருந்தா வாயத் தொறந்திருக்க மாட்டேன். ரெண்டு பேரும் உக்காந்துக்கினு இருந்திருப்போம்."

வைவதற்கு வாய்வரை வந்ததை ஸ்வர்ணலதா விழுங்கிக்கொண்டாள். இடுப்பு கழன்று விழுவதுபோல வலித்தது. அண்ணாச்சி எந்தப் பக்கம் இருக்கிறார் என்று ஒருமுறை பார்த்துவிட்டு, மேகலாவின் காதருகே குனிந்தாள்.

"உங்க அண்ணனைச் சத்தமில்லாம வந்து பழையபடி மாத்திட்டுப் போகச் சொல்லுடி. சாமி சத்தியமா பாதி உனக்குத்தான்."

மேகலா நிமிர்ந்து பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்த முகத்தில்.

"குடுக்கறதுக்கு இப்ப உன்னாண்ட இன்னாக்கா கீது?"