கேப்டனின் அம்மா

அம்பாசமுத்திரம் ஆற்றங்கரையில் உப்பையும் தெர்மாகோலையும் கொட்டிக் காஷ்மீர் செய்துகொண்டிருந்தார்கள். எல்லையில் நிற்கும் இளம் கேப்டன், ஊரில் காத்திருக்கும் காதலி, இருவரையும் சேர்த்துவைக்கப் பாடுபடும் அம்மா. இவ்வளவுதான் கதை. இருபத்தாறு வயதுக் கேப்டனாக நடித்தவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவருக்கென்று பெயர் உண்டு. ஆனால் படப்பிடிப்பில் 'சார்' என்றால் அவர் ஒருவர்தான். ராணுவத்தில் இப்படித் தாடி வைக்க விடமாட்டார்களே என்று யாரோ மெல்ல இழுத்ததற்கு, "என் ரசிகர்கள் தாங்கமாட்டாங்க" என்றார். தாடி பிழைத்துக்கொண்டது.

அம்மா வேடத்துக்கு ஆள் பிடிப்பது பிரம்மநாயகியின் வேலை. திருநெல்வேலி வண்ணார்பேட்டைக்காரி, சென்னையில் பல வருடம் உதவி இயக்குநராக வெயிலில் காய்ந்தவள். "உங்க ஊர் முகமா, நிஜமா இருக்கணும்" என்று இயக்குநர் சாய்ராம் சொன்னதை அப்படியே நம்பினாள். அதுதான் அவள் செய்த மடத்தனம்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ராஜராஜேஸ்வரியை அழைத்து வந்தாள். மகன் எல்லைக்குக் கிளம்பும் காட்சியை நடிக்கச் சொன்னபோது டீச்சர் அழவில்லை. "சாப்பிட்டுட்டுப் போலே" என்று மட்டும் சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேமராக்காரர் மூக்கை உறிஞ்சினார்.

டீச்சர் படத்தையும் சார் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிச் சாருக்கு அனுப்பினார்கள். சார் செல்போனில் பெரிதாக்கிப் பார்த்தார்.

"என் அக்கா மாதிரி இருக்காங்களே."

"ஆமா சார், வயசு தெரியுது" என்றார் சாய்ராம்.

"யாரோட வயசு?"

சாய்ராமுக்குச் சட்டென்று இருமல் வந்தது. அன்று மாலையே கதை மாறியது. அம்மா, படம் தொடங்கும்முன்பே செத்துப்போனாள். மாலை போட்ட புகைப்படம் மட்டும் சுவரில் தொங்கும். அதற்கு டீச்சரின் படமே போதுமாம்.

இதைப் போய்ச் சொல்ல வேண்டியவளும் பிரம்மநாயகிதான். சுமங்கலியிடம், உங்கள் படத்துக்கு மாலை போடப்போகிறோம் என்று எந்த வாயால் சொல்வது? திக்கித் திணறிச் சொல்லி முடித்தாள். டீச்சர் சிரித்துவிட்டார்.

"போட்டுக்கிடட்டும்ட்டி. எனக்கு என்ன குறைஞ்சு போகுது? ஆனா நான் நேர்ல வந்து பாப்பேன், ஆமா."

வந்தார். நல்ல பட்டுச்சேலையில், கேமராவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சார் புகைப்படத்துக்கு முன் மண்டியிட்டு, "அம்மா! நாடா, காதலா? நீயே சொல்லும்மா!" என்று கதறினார். கண்ணில் விட்ட கிளிசரின் தாடியில் இறங்கிப் பிசுபிசுத்தது. டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்த டேக்கிலும் சார் கதறினார். இம்முறை முந்தானையை மீறிச் சிரிப்பு வெளியே வந்துவிட்டது.

சார் எழுந்து வந்தார். "யார் இவங்க? யார் உள்ளே விட்டது?"

இவ்வளவு நேரம் அந்த முகத்தைப் பார்த்துத்தான் அழுதுகொண்டிருந்தார். அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"நான்தான் உங்க அம்மை" என்றார் டீச்சர் பணிவாக. "செத்துப்போயிட்டேன்லா."

லைட் பிடித்தவர்கள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை.

"இந்தம்மாவை வெளியே அனுப்பு" என்று சாய்ராம் பிரம்மநாயகியிடம் சீறினார்.

"நான் மாட்டேன். நீங்களே சொல்லுங்க" என்றாள். அத்தோடு அவள் வேலையும் போயிற்று. இருவரும் திருநெல்வேலி பஸ்ஸில் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே ஊர் திரும்பினார்கள்.

படம் வெளிவந்ததும் இருவரும் சேர்ந்தே போய்ப் பார்த்தார்கள். சுவரில் அம்மாவைக் காணோம். நாட்டுக்காக உயிர்விட்ட அப்பா தொங்கினார்: பெரிய மீசை ஒட்டிய சார். முகத்தைக் கம்ப்யூட்டரில் இழுத்து வழவழவென்று ஆக்கியிருந்தார்கள்.

"ஏட்டி, மகனைவிட அப்பனுக்கு வயசு கம்மியால்லா இருக்கு" என்றார் டீச்சர். முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார்.

படத் தொடக்கத்தில் ஓடிய பெயர்ப் பட்டியலிலும் பிரம்மநாயகியின் பெயர் இல்லை. இடைவேளையிலேயே எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்கள். மறுவாரம் அவள் வேறொரு படத்துக்காகச் சென்னைக்கு ரயிலேறினாள், அங்கேயும் ஒரு சார் இருப்பார் என்று தெரிந்தேதான்.